சீதாங்கில் நீங்கள் தூங்கிய மத்தியானம்

பாரிசில் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துக்கு எதிரே புதிதாக ஒரு சீனச் சாப்பாட்டுக்கடை திறந்திருக்கிறார்கள். நேற்று அதைக் கடந்தபோது தாமரை இலை வேகிற மணம் வந்தது. பசியோடுதான் போய்க்கொண்டிருந்தேன். அந்த மணத்தில் பசி போய்க் கோபம் வந்துவிட்டது. உங்கள் மேல்தான்.

சீனாவுக்கு நாங்கள் சுற்றுலாவா போனோம்? பக்கத்து ஒபர்வில்லியேயில் சீனர்களின் மொத்தக்கடைகளில் வாங்கினால் கட்டுப்படியாகாது என்று, லா சப்பலில் இருக்கிற எங்கள் உடுப்புக்கடைக்கு நேரே சரக்கெடுக்க ஷாங்காய் போனோம். போன இடத்தில் தொழிற்சாலைக்கு விடுமுறை. "ஒரு நாள் வீணாப் போச்சு" என்று ஹோட்டல் அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தீர்கள். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த பெண், ஒபர்வில்லியேயில் வேலை செய்து பிரெஞ்சு பழகியவள், சிரித்துவிட்டு எங்களைச் சீதாங்குக்குக் கூட்டிப்போனாள். தெருக்களுக்குப் பதிலாக வாய்க்கால்கள் ஓடுகிற பழைய ஊர்.

மழை தூறிக்கொண்டிருந்தது. வாய்க்கால் ஓரமாக நெடுகக் கூரை போட்ட நடைபாதை, நனையாமலே நடக்கலாம். முதலில் லா சப்பலில் நடப்பது போலத்தான் விறுவிறுவென்று முன்னால் போனீர்கள். கைபேசியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள். பாரிசில் அப்போது விடியவில்லை, யாரும் அழைக்கவில்லை. கடைசியில் அதை என் கைப்பைக்குள் போட்டீர்கள்.

"இஞ்சை ஒருத்தரும் என்னை அண்ணை எண்டு கூப்பிடமாட்டினம், என்ன?" என்றீர்கள், பெரிய கண்டுபிடிப்புப் போல.

ஒரு படகில் ஏறினோம். படகுக்காரர் பின்னால் நின்று மெதுவாகத் துழாவினார். கரைப் படியில் ஒரு பெண் கீரை கழுவிக்கொண்டிருந்தாள். எங்கள் படகின் அலை அவள் கூடையை நகர்த்த, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று தமிழில் சொன்னீர்கள். அவள் விளங்கியது போலச் சிரித்தாள். படகு கரைக்கு வந்ததும், "இன்னொருக்காச் சுத்துவமே?" என்று கேட்டீர்கள். கேட்டது நீங்கள்!

தாமரை இலையில் பொதிந்து வேகவைத்த சோற்றை வாங்கி, அவிழ்த்துச் சாப்பிட்டோம். பிறகு நடைபாதை வாங்கிலில் உட்கார்ந்தபடி, பட்டப்பகலில், என் தோளில் தலை சாய்த்துத் தூங்கினீர்கள். குறட்டை வேறு. கலியாணமான நாள் முதல் நான் பார்க்காத ஆள். அசையாமல் இருந்தேன்.

எழும்பியதும் வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னீர்கள். "கடையைத் தம்பியிட்டைக் குடுப்பம். எனக்கு இந்த ஓட்டம் இனிக் காணும். நீர் என்ன சொல்லுறீர்?"

"நீங்கள் செய்தாத்தானே."

"ஓம், செய்வன். பாருமன்."

பார்த்தேன். திரும்பி வந்ததும் கலியாண சீசன் முடியட்டும் என்றீர்கள். அது முடிய, தீபாவளி போகட்டும் என்றீர்கள். நெஞ்சு நோகிறது என்று நீங்கள் சொல்ல, நான் மருத்துவரிடம் எடுத்து வைத்த ரொந்தெவுவைக்கூட, சரக்கு வருகிறது என்று தள்ளிப்போட்டீர்கள். ஒரு சனிக்கிழமை, கடை நிறைய ஆட்கள் நிற்க, சேலைப் பெட்டி எடுக்க நிலவறைக்குள் இறங்கியவர் மேலே வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி மலரில் 'ஓய்வறியா உழைப்பாளி' என்று அச்சடித்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அதைப் பெருமையாக வாசித்தார்கள். எனக்கு அதைக் கிழித்தெறிய வேண்டும் போலிருந்தது.

இப்போது கடை உங்கள் தம்பியிடம். ஞாயிற்றுக்கிழமை பூட்டு. ஓகஸ்ட் முழுக்கப் பூட்டிவிட்டுப் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறார். சனம் கோபிக்கவில்லை, செப்டெம்பரில் வந்து வாங்குகிறது. நீங்கள் பயந்த ஒன்றும் நடக்கவில்லை.

போன கிழமை மகள் பிரெஞ்சில் கேட்டாள், அப்பாவுக்கு ஓய்வெடுக்கவே தெரியாதா என்று. "ஓம், அவர் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டேன். அவளாவது உங்களை மன்னிக்கட்டும்.

என்னால் முடியவில்லை. உங்களுக்கு ஓய்வெடுக்கத் தெரியும் என்பதைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான்.