இடமிருந்து வலமாக

கார்வில், வெர்மான்ட்
மார்ச் 4

அன்புள்ள ஓடெட்,

நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன். அலாஸ்காவில் பகல் எவ்வளவு நேரம் என்று தினமும் செய்தித்தாளில் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. டிசம்பரில் உன்னை நினைத்தாலே எனக்குக் குளிரும். இப்போது பரவாயில்லை. இந்த மாதம் இருபதாம் தேதி வாக்கில் உனக்கும் எனக்கும் ஒரே அளவு பகல் இருக்குமாம்.

இது நான்காவது கடிதம். மற்ற மூன்றுக்கும் பதில் வரவில்லை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. கைபேசியிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் நீ படித்துவிட்டாய் என்று அது காட்டிக்கொடுத்துவிடும். தபால் அப்படிச் செய்வதில்லை.

ஆவணக் காப்பகத்தின் கீழ்த்தளம் நீ விட்டுப்போனபடியேதான் இருக்கிறது. உன் நாற்காலியில் மட்டும் படச்சுருள் டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன். காலியாக இருந்தால் யாராவது வந்து உட்காருகிறார்கள்.

பேராசிரியர் ஹோல்கமின் ஆவணப்படம் முடிந்துவிட்டது. கிரானைட் பட்டறை வேலைநிறுத்தத்தைப் பற்றியது, நாம் சுருள்களைக் கணினியில் பதிவு செய்து கொடுத்தோமே, அதுதான். வரும் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, ஊர் நூலகத்தில் முதல் காட்சி. பிறகு மாநிலத் தொலைக்காட்சியில் வரும். முன்னோட்டம் போன வாரமே ஒளிபரப்பானது. வம்பும் அதிலிருந்துதான் தொடங்கியது.

மருந்துக்கடைக்காரர் டார்பெல் எடுத்த சுருள் நினைவிருக்கிறதா? பட்டறைப் படியில் பனிக்குள் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்கள். அவர்களில் ஒரு ஓரத்தில் நிற்கும் ஒல்லியான ஆள்தான் அடுத்த காட்சியில் கூட்டத்தின் முன் தொப்பியைக் கழற்றிப் பேசுகிறான். மறு ஓரத்தில் நிற்கும் மீசைக்காரன் கடைசிக் காட்சியில் கம்பெனி மேலாளர் கையில் மடித்த தாளைக் கொடுக்கிறான். சங்கத்தில் சேர்ந்தவர்களின் பட்டியல் அது. மறுநாள் நாற்பது பேருக்கு வேலை போயிற்று. முகம் தெரியும், பெயர் தெரியாது. பெயருக்கு நமக்கு இருந்த ஒரே ஆதாரம் டார்பெல்லின் நோட்டுப் புத்தகம். "படியில் ஐவர், இடமிருந்து வலமாக" என்று தொடங்கி, முதலில் சீரோ பெலாட்டி, கடைசியில் ஆங்கஸ் மர்டாக். அதை வைத்துக்கொண்டுதான் திரையில் இடது ஓரம் நின்ற மீசைக்காரனுக்குப் பெலாட்டி என்று பெயர் வைத்தோம். வலது ஓரம் நின்ற ஒல்லி ஆளுக்கு மர்டாக். நூலகத்தை நடத்தும் ஐலா மர்டாக், தன் தாத்தா என்று அந்த ஒல்லி ஆளின் படத்தைச் சட்டம் போட்டு வாசலில் மாட்டியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ரினோ பெலாட்டி வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுபவர், சீரோவின் பேரன். கூடவே மனைவி வெர்னா. சலவைக்கடைக்குப் பக்கத்தில் துணி திருத்திக் கொடுக்கிறாரே, அவர்தான். உட்காரச் சொன்னேன், ரினோ உட்காரவில்லை. பட்டியல் கொடுத்தவன் பெலாட்டி என்று முன்னோட்டத்தில் வந்த மறுநாள் காலையில் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் யாரோ ஒரு துண்டு சீஸ் வைத்திருந்தார்களாம். "உங்க வீட்டு எலிக்கு" என்று ஒரு சீட்டும். காட்டிக்கொடுப்பவனை இங்கே எலி என்பார்களே, அதுதான். "பதினெட்டு வருஷமா இந்தப் பசங்களோட அப்பன் ஆத்தாளையும் நான்தாம்மா பள்ளிக்கூடம் கொண்டுபோனேன்" என்றார். அவருடைய தாத்தா நுரையீரலில் கல்தூசி படிந்து முப்பத்தாறு வயதில் செத்தவர். வீடு எரிந்ததில் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. அந்த முகம் அவர்தானா என்று சொல்ல ரினோவாலும் முடியவில்லை. "எங்கப்பா அப்படிச் சொல்லலையே" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் படத்தைப் போட்டுக் காட்டினேன். வெர்னா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். "ஏம்மா, அந்தக் காலத்துல இந்த ஊர் ஆம்பளைங்க அம்புட்டுப் பேரும் பொண்டாட்டி கோட்டைத்தான் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சாங்களா?" என்று கேட்டார். "நாம சண்டை போட வந்திருக்கோம், தையல் பேச வரல" என்று ரினோ அதட்டினார். வெர்னா மசியவில்லை. "ஆம்பளை கோட்டுல பட்டன் வலப்பக்கம் இருக்கும். இங்க அஞ்சு பேருக்கும் இடப்பக்கம் இருக்கு. ஒருத்தன்னா குடிச்சிட்டு மாத்திப் போட்டான்னு விடலாம். அஞ்சு பேருமா?"

அவர்கள் போன பிறகு சுருளை எடுத்து ஓரத்தை உதட்டில் வைத்துப் பார்த்தேன். மருந்து பூசிய பக்கம் ஈர உதட்டில் ஒட்டும் அல்லவா, ஒட்ட வேண்டிய பக்கம் ஒட்டவில்லை. வழவழவென்று நழுவியது.

ஓடெட், சுருளைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். இடம் வலமாகவும் வலம் இடமாகவும் ஆகிவிட்டது. காட்டிக்கொடுத்தவன் ஆங்கஸ் மர்டாக். நூலக வாசலில் தொங்குவது ரினோவின் தாத்தா.

அன்புடன்,
டெலியா


மார்ச் 11

அன்புள்ள ஓடெட்,

முந்தைய கடிதம் கிடைத்திருக்கும். பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். நாள் நெருங்குகிறது.

பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை, களைத்துப்போனவர். ஆறு வருட உழைப்பு. "பட்டனை யார் பாக்கப் போறாங்க டெலியா? சனிக்கிழமை நல்லபடியா முடியட்டும். தொலைக்காட்சிக்குப் போறதுக்குள்ள மாத்திடலாம்" என்றார். சனிக்கிழமை உட்காரப் போகும் நூற்றைம்பது பேரும் இந்த ஊர்க்காரர்கள், தொலைக்காட்சியில் பார்க்கப் போகிறவர்களுக்கு ரினோ யாரென்றே தெரியாது என்றேன். அவர் கோட்டை மாட்டத் தொடங்கினார். கிளம்பும்போது, பதிவுத் தாளை வேண்டுமானால் புதிதாக எழுதிவிடு, யார் தவறு என்று நோண்டுவதில் யாருக்கும் பயனில்லை என்றார். உனக்கும் எனக்கும் நல்லது என்றுதான் சொன்னார்.

தாளை எடுத்துப் பார்த்தேன். "பதிவு செய்தவர்" என்ற கட்டத்தில் உன் கையெழுத்து. "சரிபார்த்தவர்" கட்டத்தில் என்னுடையது. தேதி, போன வருடம் பிப்ரவரி எட்டு.

அந்த நாள் உனக்கு நினைவிருக்குமோ என்னவோ. பனி கொட்டிப் பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள். நாம் இருவரும் கீழ்த்தளத்தில் மாட்டிக்கொண்டோம். மின்னடுப்பில் பீன்ஸ் சூப்பைச் சூடாக்கி ஒரே கரண்டியால் குடித்தோம். உன் உதடு குளிரில் வெடித்திருந்தது. என் உதட்டு மெழுகை எடுத்து நானே பூசிவிட்டேன். பிறகு சுருளை உதட்டில் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த மெழுகுல எதுவுமே ஒட்டாது போ! எங்கேயாவது பெயர்ப்பலகை வந்தா எழுத்தை வெச்சு எந்தப் பக்கம்னு கண்டுபிடிச்சிக்கலாம்" என்று சிரித்தாய். பெயர்ப்பலகை வந்தது. அதன் மேல் பனி மூடியிருந்தது. நான் திரையையே பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

இந்தக் கட்டடத்தில் என் மிகச் சந்தோஷமான நாள் அது. அன்று செய்த வேலையால்தான் ரினோவின் இருக்கையில் சீஸ் துண்டு வந்திருக்கிறது.

சனிக்கிழமை படம் தொடங்குமுன் நானே எழுந்து சொல்லிவிடப் போகிறேன். நான்கு பேருக்கு முன்னால் பேசினாலே எனக்குக் குரல் போய்விடும், உனக்குத் தெரியும். நீ பக்கத்தில் இருந்தால் நீயே பேசியிருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டெலியா


மார்ச் 20

அன்புள்ள ஓடெட்,

நடந்ததைச் சொல்கிறேன்.

வியாழக்கிழமை பேராசிரியரிடமிருந்து ஒரு வரி வந்தது. "அந்தப் பகுதியைத் திருப்பிச் சரிசெய்துவிட்டேன். வர்ணனையை நிறுத்திவிடுகிறேன். அங்கே நீயே பேசு." அவ்வளவுதான். அது கோபமா மன்னிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ஐலாவைப் பார்க்கப் போனேன். கூட்டத்தோடு கூட்டமாக அவர் இதைக் கேட்கக் கூடாது என்று தோன்றியது. நாற்காலிகளை வரிசை போட்டுக்கொண்டிருந்தார். மேப்பிள் பாகு ஊற்றிய ரொட்டிகள் தட்டுத் தட்டாகத் தயாராக இருந்தன. நான் சொல்லி முடிக்கும்வரை ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். பிறகு வாசல் பக்கம் பார்த்து, "அப்ப ஏழு மாசமா காலையில வந்ததும் நான் வணக்கம் சொல்லிட்டிருந்தது யாருக்கு?" என்று கேட்டார். மன்னித்துவிடுங்கள் என்றேன். "நீ என்ன பண்ணுவே? ஒரு தாளை மடிச்சு நீயா கொடுத்தே?" என்றார். ஒரு ரொட்டியை எடுத்து என் கையில் வைத்தார். தின்ன முடியவில்லை.

சனிக்கிழமை அரங்கம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் ஒரு நாற்காலியில் அந்தப் படம், துணியால் துடைத்து, சட்டத்தோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மேலே ஒரு சீட்டில் "பெலாட்டி" என்று ஐலாவின் கையெழுத்து. அவர் கதவைத் திறந்துவிட்டு, சாவிக்கொத்தை என் கையில் கொடுத்து, கடைசியாகப் பூட்டிவிட்டுப் போ என்று சொல்லிவிட்டு வெளியேறினார். ஆவணப்படத்தைப் பார்க்க நிற்கவில்லை.

படத்தின் அந்த இடம் வந்ததும் வர்ணனை நின்றது. நான் எழுந்தேன்.  திரையில் ஐந்து பேரும் சரியான பக்கத்தில் நின்றார்கள். தவறு காப்பகத்தில் நடந்தது, சரிபார்க்க வேண்டியவள் நான், நான் பார்க்கவில்லை என்றேன். இடது ஓரத்தில் நிற்பவரின் பெயர் சீரோ பெலாட்டி என்றேன். அடுத்த காட்சியில் அவர் தொப்பியைக் கழற்றிக் கூட்டத்தைப் பார்த்து என்னவோ சொன்னார். ஊமைப்படம், என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. மீசைக்காரனின் பெயரையும் ஒரே ஒரு தடவை சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. அதுவே மரியாதையாக இருந்தது.

ரினோ மடியில் படத்தை வைத்துக்கொண்டு திரையையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். விளக்கு போட்ட பிறகு என்னிடம் வந்து, "என் காதைப் பாரும்மா, இவர் காதைப் பாரு" என்றார். இரண்டும் விரிந்த காதுகள். "வாரத்துக்கு ரெண்டு தடவை அந்த வாசல்ல புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன். ஒரு தடவைகூட நின்னு பாக்கல" என்றார். வெர்னா அவர் கோட்டின் மேல் பட்டனைப் போட்டுவிட்டு, "பட்டன் இப்பத்தான் சரியான பக்கத்துல இருக்கு, வா வீட்டுக்கு" என்று அழைத்துப்போனார்.

நான் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். நான்கு நாளாகச் சாவிக்கொத்து என் கோட்டுப் பையிலேயே இருக்கிறது. நூலகம் இன்னும் திறக்கவில்லை. ஐலா வீட்டுக் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. நாளை போவேன்.

இன்னொன்று. பதிவுத் தாளை நான் புதிதாக எழுதவில்லை. "சுருள் திருப்பிப் போடப்பட்டிருந்தது, மார்ச்சில் திருத்தப்பட்டது" என்று கீழே ஒரு வரி சேர்த்து, பழைய கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் யாராவது அதை எடுத்துப் பார்த்தால் உன் பெயரும் தெரியும். உனக்கு வருத்தமாக இருந்தால் மன்னித்துக்கொள். நடந்ததை நடந்தபடி வைப்பதுதான் நம் வேலை என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். உன்னிடம் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்தக் கட்டடத்தில் உன் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அந்த ஒரே தாளில்தான், ஓடெட்.

இன்று உனக்கும் எனக்கும் ஒரே அளவு பகல். நாளையிலிருந்து உன் பகல் என்னுடையதைத் தாண்டி நீளும். நன்றாக இரு. வெளிச்சம் முழுவதும் உனக்கே கிடைக்கட்டும். முடிந்தால் ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

உன் நாற்காலியிலிருந்து டப்பாக்களை இன்று காலை எடுத்துவிட்டேன்.

என்றும் அன்புடன்,
டெலியா