மைனாவுக்குக் கிடைத்த வீடு

மார்ச் 4, புதன்

மைனாவுக்கு வீடு கிடைத்துவிட்டது.

அண்ணி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போயிருந்த நேரத்தில் போன் வந்தது. “அக்கா, கெடச்சிடுச்சு! தரைத்தளம்! வாசல்ல சாய்வுப் பாதை, அகலக் கதவு, சக்கர நாற்காலிக்குன்னே கட்டின சமையலறையாம்!” மூச்சு விடாமல் கத்தினாள். “ரொம்ப சந்தோஷம்டி” என்றேன். குரல் சரியாகத்தான் வந்தது. பிறகு போனைத் தலையணைக்கு அடியில் செருகி அதன் மேல் சாய்ந்துகொண்டேன். மறுபடி கூப்பிட்டால் கேட்க வேண்டாம்.

அவளும் நானும் ஒரே வாரத்தில்தான் வீட்டு வசதி அலுவலகத்தில் பதிந்தோம். ஆஸ்பத்திரியின் உடற்பயிற்சிக் கூடத்தில் பழக்கம். ஓயாமல் பேசுவாள் என்று நான்தான் மைனா என்று பெயர் வைத்தேன். அவளுக்கு ஒரு முட்டி மடங்காது, இடுப்பில் வலுவில்லை. ஆனால் இரண்டு ஊன்றுகோல் வைத்து நடப்பாள். நடப்பாள்! சக்கர நாற்காலியில் இருப்பவள் நான். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில், மூன்றாவது மாடியில், அண்ணன் வீட்டு நடு அறையில் கிடப்பவள் நான். வெளியே போக வேண்டுமானால் அண்ணன் என்னை முதுகில் சுமந்து இறங்க வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். விபத்துக்கு முன் ஒரு தொழிற்சாலை கேன்டீனுக்கே சமைத்துப் போட்டவள் நான். அண்ணன் வீட்டு அடுப்பு இப்போது எனக்குக் கழுத்துயரத்தில் இருக்கிறது. மைனாவோ வெந்நீரைக்கூடத் தீய வைப்பவள். அவளுக்குப் போய்த் தாழ்ந்த மேடை!

மார்ச் 5, வியாழன்

அவள் நன்றாக இருக்கட்டும் என்று எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை.

மார்ச் 9, திங்கள்

இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் ஒரு வாடகை வீடு காலி என்று அண்ணன் தரகரைக் கூட்டி வந்தார். தரகர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் ஏதோ மூலையில் நிற்கும் அலமாரி போல அண்ணனிடமே எல்லாவற்றையும் கேட்டார்.

“இவங்களுக்கு என்ன வருமானம்?”

“உதவித்தொகை வருது.”

“அது சரி. அதுக்கு மேல?”

“அதுக்கு மேல நான் இருக்கேன்” என்றார் அண்ணன்.

“பாத்ரூமெல்லாம் எப்படிப் போவாங்க?”

“அவங்க எதிர்லதானே உக்காந்திருக்காங்க, அவங்களையே கேளுங்க.”

கேட்கவில்லை. மாலையில் பதில் வந்தது. வீட்டுக்காரர் ‘மாதச் சம்பளக்காரர்களுக்குத்தான்’ கொடுப்பாராம். உதவித்தொகையும் மாதா மாதம்தானே ஐயா வருகிறது?

மார்ச் 22, ஞாயிறு

மைனா வீட்டுக்குப் போய் வந்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

சாய்வுப் பாதையில் என்னை யாரும் தள்ளவில்லை. நானே ஏறினேன். கதவில் கை உரசவில்லை. சுவிட்சுகள் எல்லாம் கைக்கு எட்டின. அந்தச் சமையலறை! மேடைக்குக் கீழே ஒன்றும் இல்லை, முழங்கால்கள் நுழைய வெற்றிடம். அடுப்பு என் நெஞ்சுக்கு நேரே. நடுவில் நாற்காலியை ஒரு முழு வட்டம் சுற்றினேன், ஒரு சுவரும் இடிக்கவில்லை. எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை அடுத்தவள் போட்டுக்கொண்டு நிற்கிறாள். அடுப்பின் மேல் மடிக்காத துணி ஒரு மூட்டை.

“கடையில வாங்கித்தான் சாப்பிடறேன்க்கா” என்று சிரித்தாள். டீ போடக் குனிந்தபோது இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். “முதுகு கொஞ்சம் பிடிச்சிருக்கு.”

“புது வீடு. போகப் போகப் பழகிடும்” என்றேன். வேறு என்ன சொல்ல? கொண்டா முதுகை, தடவிக் கொடுக்கிறேன் என்றா?

திரும்பும்போது “நல்ல வீடு, இல்ல?” என்றார் அண்ணன்.

“சுவரெல்லாம் ஓதம்” என்றேன். ஒரு பொட்டு ஓதம் இல்லை.

படியேறும்போது அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என் வயிற்றில் கேட்டது. இரண்டாவது மாடியில் என்னை இறக்கி வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். அப்போதும் நான் மைனாவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 23, திங்கள்

வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அவள் அங்கே போய் அழுதிருப்பாள். எனக்கு அழ வராது. வாய்விட்டுக் கேட்கவும் வராது. நெருப்பை மட்டும் வயிற்றில் வைத்துக்கொண்டு உட்காரத் தெரியும்.

ஏப்ரல் 15, புதன்

எனக்கும் ஒரு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். அண்ணனும் நானும் போய்ப் பார்த்தோம்.

தரைத்தளம்தான். வாசலில் மூன்று படி. பக்கத்துச் சந்து பொதுவழியாம், சாய்வுப் பாதை கட்ட இடம் விட மாட்டார்களாம். சமையல் மேடை ஆள் நின்று சமைக்கும் உயரம். குளியலறையில் சுவர் நெடுகப் பிடித்து நிற்கக் கம்பிகள். நிற்பவர்களுக்கு அருமையான வீடு.

வீட்டு வசதி அலுவலகத்தில் எங்கள் மனுக்களைப் பார்க்கும் பிரிவு அம்மாவிடம் சொன்னேன். “தரைத்தளம்னுதானே கேட்டீங்க?” என்றார்.

“வெளிய போய் வர முடியற தரைத்தளம் கேட்டேம்மா.”

கோபக்காரர் இல்லை, களைத்தவர். போன வருஷம் லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் கொடுத்த வீட்டை நான் மறுத்திருக்கிறேன். இதையும் மறுத்தால் என் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். “யோசிச்சு ஒரு வாரத்துல சொல்லுங்க” என்றார்.

ஏப்ரல் 16, வியாழன்

மைனாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். அவளே கூப்பிட்டாள், சொல்லிவிட்டேன். உடனே கேட்டாள்:

“அக்கா, அந்த மேடை எவ்ளோ உயரம்?”

“உன்ன மாதிரி நிக்கிறவங்களுக்கு.”

“குளியலறையில பிடிச்சுக்கக் கம்பி இருக்கா?”

“சுவர் பூரா.”

அழ ஆரம்பித்துவிட்டாள். தாழ்ந்த மேடையில் வில் மாதிரி வளைய வேண்டியிருக்கிறதாம். உட்கார்ந்து செய்யலாமென்றால் முட்டி மடங்காது, மேடைக்கு அடியில் கால் போகாது. நாற்காலி உருள்வதற்காக வெறிச்சென்று விட்ட குளியலறையில் பிடிமானம் இல்லாமல் இரண்டு முறை விழுந்துவிட்டாள். “மறுத்தா கடைசிக்குப் போயிடுவேன்னு பயந்து வாங்கிட்டேன்க்கா. நீ ஏங்கின வீடு. அது சரியில்லன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உங்கிட்ட சொல்றது? மூணு படியென்ன, கைப்பிடி இருந்தா நான் ஏறிடுவேன். மாத்திக்கலாமா?”

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். (குதிக்க முடிந்தால்.) ஆனால் எனக்கு வந்தது ஆத்திரம். அவளுக்கு ஒத்துவராமல் போனதுதான் எனக்கா? பிச்சையா போடுகிறாள்?

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை இன்று.

ஏப்ரல் 17, வெள்ளி

பிரிவு அம்மாவைக் கேட்டோம். மாற்றிக்கொள்ள விதி உண்டாம். ஆனால் இருவரும் அவரவர் வீட்டில் மூன்று மாதம் குடியிருந்திருக்க வேண்டும். அதாவது, நான் முதலில் அந்தப் படிக்கட்டு வீட்டை ஏற்றுக் குடிபோக வேண்டும். நடுவில் மைனா மனம் மாறினால்? “அப்புறம் நாங்க ஒண்ணும் செய்ய முடியாது.”

வீட்டில் பெரிய பேச்சு.

“அவ மாறிட்டா நீ அந்த மூணு படிக்குள்ளயே ஆயுசுக்கும் இருக்கணும்” என்றார் அண்ணன்.

“ஆழம் தெரியாம கால விடாத” என்றார் அண்ணி.

“எந்தக் கால அண்ணி?”

மூவரும் சிரித்தோம். அண்ணிதான் முதலில் நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியாயிற்று.

மே 2, சனி

குடிவந்துவிட்டேன். அண்ணன் என்னை நாற்காலியோடு மூன்று படி ஏற்றிவிட்டு, சாமான் அடுக்கிவிட்டு, போக மனமில்லாமல் போனார். மின்னடுப்பு ஒன்றை முக்காலியில் வைத்து, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு சோறு வடித்தேன். கையில் கஞ்சி கொட்டியது. மூன்றாவது மாடியைவிட என்ன வித்தியாசம்? தெரு இப்போது கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். அண்ணன் முதுகு தப்பித்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

மே 19, செவ்வாய்

வாசற்கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தேன். ஒரு கிழவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனார். அவரைப் பார்த்தும் பொறாமை. முன்னறைத் திரையையும் இழுத்து மூடிவிட்டேன்.

மைனா வாரம் தவறாமல் பேசுவாள். இந்த வாரம் பேசவில்லை.

ஜூன் 10, புதன்

உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மா இன்று வீட்டுக்கு வந்தார். என் தோளைச் சுழற்றிவிட்டபடியே, “உங்க மைனா சமையலறைக்கு மஞ்சள் பெயின்ட் அடிச்சிருக்கா, பாத்தீங்களா? நல்லா செட்டில் ஆயிட்டா” என்றார்.

மஞ்சள்.

விட்டுப் போகப் போகிறவள் சுவருக்கு வண்ணம் அடிப்பாளா? என் சமையலறை அது. என் சுவர். நான் இங்கே முக்காலியில் வெந்துகொண்டிருக்கிறேன், அவள் அங்கே மஞ்சள் குளித்துக்கொண்டிருக்கிறாள்.

ஜூன் 11, வியாழன்

போனில் கத்திவிட்டேன். “உன்ன நம்பி இந்தப் பொந்துக்குள்ள வந்து உக்காந்திருக்கேன்டி! ஏமாத்தறதா இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே! கால் இருக்கிறவளுக்கு என் கஷ்டம் எங்க தெரியப் போகுது?”

“நேர்ல வரேன்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஏன் அந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னேன்?

ஜூன் 13, சனி

வந்தாள். இரண்டு பஸ் மாறி.

நான் வாசலுக்குள், அவள் தெருவில். என்னால் இறங்கிப் போய்க் கை கொடுக்க முடியாது. கைப்பிடியைப் பிடித்து, ஊன்றுகோலை மேலே வைத்து, மடங்காத காலை இழுத்து, ஒவ்வொரு படியாக ஏறினாள். மேலே வந்து சேர்ந்தபோது உதட்டுக்கு மேல் வியர்வை. ‘கால் இருக்கிறவள்’ என்றேனே இவளை.

“பொய் சொல்ல மாட்டேன்க்கா” என்றாள் நின்றபடியே. “பெயின்ட் அடிச்ச வாரம் குடுக்க வேணாம்னுதான் நினைச்சேன். வாசல்லயே பஸ். பக்கத்து வீட்டுக்காரங்க தினம் வந்து பேசறாங்க. முதுகு போனாப் போகுதுன்னு இருந்துச்சு.”

“அப்புறம்?”

“உம்மேல பொறாமையும்தான்.”

“எம்மேலயா? கண்ணு கிண்ணு கெட்டுப் போச்சா?”

“நீ கூப்பிட்டா ஓடி வர அண்ணன் இருக்காரு. ரெண்டாந்தடவ விழுந்தப்ப விடியற வரைக்கும் தரையில கிடந்தேன். யாரக் கூப்பிடறதுன்னு யோசிச்சே விடிஞ்சு போச்சு.”

டீ போடுகிறேன் என்று முக்காலிப் பக்கம் திரும்பினேன். “நான் போடறேன்” என்று சமையலறைக்குப் போனாள். பின்னாலேயே போனேன்.

என் கழுத்துயர மேடை அவள் இடுப்புக்குச் சரியாக இருந்தது. இரண்டு ஊன்றுகோலையும் மூலையில் சாத்திவிட்டு மேடையில் சாய்ந்து நின்றாள். நேராக. இரண்டு கைகளும் சும்மா இருந்தன. அவற்றை ஒரு கணம் பார்த்துக்கொண்டாள். பிறகு தொட்டியில் நான் கழுவ எட்டாமல் போட்டு வைத்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழுவினாள். அவசரமே இல்லாமல், எல்லாவற்றையும். அவள் நிற்கும் அழகைப் பார்த்து எனக்கு எரிந்தது. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. இருவரும் குடித்தோம்.

“தேதி வந்ததும் மாத்திக்கலாம்” என்றாள் போகும்போது. நான் தலையாட்டினேன். மன்னிப்பு என்ற சொல்லை நானும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஜூலை 8, புதன்

இன்னும் நம்பிக்கை வரவில்லை. தினமும் ஏதாவது சாக்கில் கூப்பிட்டுப் பார்க்கிறேன். “மனசு மாறலக்கா, போனை வை” என்கிறாள்.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

ஒரே வண்டி. அவள் சாமானை இங்கே இறக்கி, என் சாமானை ஏற்றி அங்கே கொண்டுபோனார்கள். சாவியைக் கொடுத்தபோது அவள் கை உடனே விடவில்லை. நானும் இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் இருவர் கையிலும் இருந்தது.

ஆகஸ்ட் 5, புதன்

சமைத்தேன். முழங்கால் மேடைக்கு அடியில் போயிற்று. அழவில்லை. வெங்காயம்.

ஆகஸ்ட் 8, சனி

உப்பு தீர்ந்துவிட்டது. போய் வாங்கி வந்தேன்.

யாரையும் கூப்பிடவில்லை. கதவைப் பூட்டினேன், சாய்வுப் பாதையில் இறங்கினேன், கடைக்குப் போனேன், வந்தேன். வந்த பிறகு மிளகாயும் இல்லையென்று தெரிந்தது. மறுபடி போனேன். மிளகாய் இருந்திருந்தால் வேறு ஏதாவது தீர்ந்து போயிருக்கும்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

அண்ணன், அண்ணி, மைனா மூவரும் சாப்பிட வந்தார்கள். அண்ணி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார், என் கையால் சாப்பிட்டு எத்தனை வருஷம் என்றார். மஞ்சள் சுவர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் மாற்றப் போவதில்லை.

மைனா பக்கத்து வீட்டுக்காரம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, தன் புது வீட்டுப் பெருமையை வாய் ஓயாமல் அளந்தாள். வெந்நீர் இப்போது தீய்வதில்லையாம். குளியலறையில் பாடுகிறாளாம்.

“அப்புறம் அக்கா, அந்த முன்னறை! சாயங்காலம் ஆனா வெயில் உள்ள வந்து தரை பூரா பொன்னா கிடக்கும். விளக்கே வேணாம். நீ ஏன் எங்கிட்ட சொல்லவேயில்ல?”

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு. அங்கே இருந்த நாளெல்லாம் திரையை மூடியே வைத்திருந்தேன். இந்த வீட்டுக்குச் சாயங்கால வெயில் வருவதில்லை, எதிர்க் கட்டடம் மறைக்கிறது. கடன்காரி, எல்லா நல்லதும் அவளுக்குத்தான் போய் விழுகிறது.

வயிறு எரிந்தது. அவள் தட்டில் இன்னொரு கரண்டி போட்டேன்.