பழைய லேப்டாப்பில் கயலின் பத்திரிகை

போன இடத்திலும் யாருக்காவது எழுத்துப்பிழை திருத்திக்கொண்டிருக்கும் என் மாமாவுக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதுகிறேன். உங்களைக் கட்டிக்கொண்ட பிறகும் மாமா என்றே கூப்பிட்டேன், நீங்கள் போன பிறகும் அதே மாமாதான். வருஷம் திரும்பப்போகிறது. டி.டி.பி. கடையை நான் மூடவில்லை. அண்ணாமலை நகர் லாட்ஜுப் பிள்ளைகள் இன்னும் தீசிஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். "அண்ணன் இல்லையா?" என்று கேட்கிறவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

நம் கயலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அவள் நர்ஸாக இருக்கும் கடலூர் ஆஸ்பத்திரியிலேயே லேப் டெக்னீஷியன், நல்ல பையன். இரண்டு பேரும் பேசி முடித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. நீங்கள் இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்கக் கோபப்படுவது போல நடித்திருப்பீர்கள்.

பத்திரிகைப் பேச்சு வந்ததும் சிக்கல் வந்தது. காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த உங்கள் அண்ணன், அழைப்பது தன் பெயரில்தான் இருக்க வேண்டும் என்றார். "நல்ல காரியம்மா. அடியில ஒம் பேரு வர்றது மொறையில்ல."

எனக்குச் சுருக்கென்றது. பெற்று வளர்த்தவள் நான். தாலி இறங்கினால் பெயரும் இறங்கிவிடுமா? வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மாமாவே பத்திரிகையை அடித்து வைத்திருக்கிறார், அதில் இருக்கிறபடிதான் அச்சடிப்போம் என்று சொல்லிவிட்டேன். "கயலு பத்திரிகைய அடிச்சு வச்சிட்டேன், மாப்ள பேருதான் பாக்கி" என்று ஒரு தடவை சொன்னீர்களே, அந்தப் பேச்சை நம்பித்தான். அந்த ஃபைலை அதுவரை நான் திறந்ததே இல்லை. தைரியம் வரவில்லை.

அதற்கு முந்தின வாரம்தான் லேப்டாப்பைச் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்து வாங்கியிருந்தேன். அதிலிருந்த விண்டோஸ் ஏழில் பிள்ளைகளின் விண்ணப்பப் பக்கம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. நீங்களும்தான் எப்போது கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டீர்கள். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த வயசுக்குப் பதினொன்று தாங்காது, பத்துதான் ஏறும், அதுவும் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும் என்றார். உங்கள் ஃபைல் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்தேன். ஒன்றுகூட விடவில்லை என்று மூன்று தடவை பார்த்தேன்.

உங்கள் அண்ணன் பஸ் ஏறியதும் கயல் பெயர் போட்ட ஃபைலைத் திறந்தேன். தமிழ் ஒரு எழுத்து இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

அப்போதுதான் உறைத்தது. நாம் அடிப்பது பழைய காலத்து ஃபான்ட். அது கம்ப்யூட்டரில் இருந்தால்தான் தமிழ் தெரியும், இல்லாவிட்டால் வெறும் குப்பை. ஃபைலை எடுத்த நான் ஃபான்ட்டை எடுக்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் ஃபான்ட்டையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள் என்று இருபது வருஷமாகச் சொல்கிறவள் நான். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையும் இல்லை. நெட்டில் தேடி அதே மாதிரி இரண்டு போட்டுப் பார்த்தேன், பாதி எழுத்துதான் வந்தது. உங்களை மறுபடியும் தூக்கிக்கொண்டு போன மாதிரி இருந்தது, மாமா. உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் பென்டிரைவோடு கடலூருக்குப் போனேன். திருப்பாதிரிப்புலியூரில் நாம் வழக்கமாக அச்சுக்குக் கொடுப்போமே, அந்த பிரஸ்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவுரு என்னைக்கு ஃபைல மட்டும் குடுத்திருக்காரு தங்கச்சி? ஃபான்ட்டையும் சேத்துத்தான் குடுப்பாரு" என்று சொல்லி, உங்கள் பெயரில் இருந்த ஃபோல்டரைத் திறந்தார். ஃபான்ட்டை ஏற்றி, நம் ஃபைலைத் திறந்தார். எழுத்தெல்லாம் தமிழானது. ஒரு வரி படித்தவர் என் முகத்தைப் பார்க்காமல், டீ சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விட்டார்.

'காலஞ்சென்ற ராமலிங்கம் – தமிழ்ச்செல்வி தம்பதியரின் மகள் கயல்விழி.'

ஊரில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லை அடித்திருப்பீர்கள். உங்களுக்கும் நீங்களே அடித்துக்கொண்டீர்களா? ஃபைலைக் கடைசியாகச் சேமித்த தேதி, நீங்கள் வயிற்று வலிக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுவாரம். அல்சர்தான், மாத்திரையில் சரியாகிவிடும் என்று என்னிடம் சொன்ன அதே வாரம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தீர்கள். அந்த ஐந்து மாதமும் நான் காரத்தைக் குறைத்துச் சமைத்துக்கொண்டிருந்தேன். பாவி மனுஷா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்தச் சொல்லை என் கை அடிக்க வேண்டாம் என்று நினைத்தீர்களா?

கீழே, 'தங்கள் வருகையை எதிர்நோக்கும்' என்பதற்கு அடியில் ஒரே ஒரு பெயர் இருந்தது. என் பெயர்.

அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு நேரே காட்டுமன்னார்கோயிலுக்குப் போனேன். உங்கள் அண்ணன் இரண்டு தடவை படித்தார். காலஞ்சென்ற என்ற இடத்தில் விரலை வைத்தார். "எந் தம்பியே சொல்லிட்டுப் போயிட்டான். நான் என்னாத்த சொல்றது? இப்படியே அடிம்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

லேப்டாப்பில் ஃபான்ட்டை ஏற்றிவிட்டேன். புது விண்டோஸிலும் உங்கள் எழுத்து அப்படியே வருகிறது. மாப்பிள்ளை பெயருக்கு நீங்கள் விட்டு வைத்த புள்ளிகளை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் அவர் பெயரை அடிப்பேன். மற்ற ஒரு எழுத்திலும் கை வைக்க மாட்டேன். கல்யாணத்தன்று மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நான்தான் நிற்பேன். யார் முகம் சுளித்தாலும் உள்ளே போக மாட்டேன், மாமா.

நீங்கள் அடித்து வைத்த பெயரோடு,
உங்கள் அக்கா மகள்
தமிழ்ச்செல்வி