திரும்பி வருவார் என்பதற்கு ஆதாரம்

மார்ச் 4

என்னங்க,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். ஒன்றும் ஆகவில்லை. போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் நாம் எங்கே போய் நிற்போம் என்று இருவருக்கும் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் மெக்கானிக் மாடிப்படி ஏறி ஏறி முட்டியைத் தேய்த்துக்கொண்ட கதையை லேபில் இன்னும் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் வெளிநாட்டுக்குச் சுற்றுலா போகிறேன். போகிறேன் என்ன, போகப் பார்க்கிறேன். விசா கேட்டேன், இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டது எல்லாவற்றையும் கொடுத்தேனே! பாஸ்போர்ட்டில் இன்னும் ஆறு மாதம் உயிர் இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும், போட்டோவில் இரண்டு காதும் தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது. விடுதி முன்பதிவு, திரும்பி வரும் டிக்கெட், இன்ஷூரன்ஸ், ஆஸ்பத்திரி கொடுத்த லீவு கடிதம், வங்கிக் கணக்கு. அத்தனைக்கும் பதிலாக ஒரே ஒரு வரி வந்தது: ‘விண்ணப்பதாரர் திரும்பி வருவார் என்று நம்பப் போதுமான ஆதாரம் இல்லை.’

ஏஜென்ட் சொன்னார்: “மேடம், கல்யாணம் ஆனவங்கன்னு போட்டிருக்கீங்க. ஆனா தனியா இருக்கீங்க, பிள்ளைகளும் இல்ல. அப்படியே அங்கேயே தங்கிடுவீங்கன்னு நெனைப்பாங்க. சார்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க, முடிஞ்சுது.”

மாதிரிக் கடிதத்தை அவரே அடித்துக் கொடுத்துவிட்டார். இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் போதும். நான் தனியாக வந்த பதினெட்டு மாதத்தில் உங்களிடம் கேட்கும் முதல் உதவி இது.

இப்படிக்கு,
மாடி அறையிலிருந்து நான்

மார்ச் 11

லேப் அம்மாவுக்கு,

முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது. இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன.

நான் கையெழுத்துப் போடவில்லை. உடனே கடிதத்தைக் கிழிக்காதே, முழுவதும் படி. உன் ஏஜென்ட் என்ன எழுதியிருக்கிறான்? ‘நானும் என் மனைவியும் ஒரே வீட்டில் மகிழ்ச்சியாக வாழ்ந்து வருகிறோம். பயணம் முடிந்ததும் அவர் என் வீட்டுக்குத் திரும்பி வருவார்.’ அடேயப்பா! எந்த வீட்டில், எந்த மகிழ்ச்சி? இருபத்தாறு வருடமாக லிஃப்டுக்குப் பாதுகாப்புச் சான்று கொடுக்கிறேன். கம்பியைத் தொட்டுப் பார்க்காமல், பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல் ஒரு தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. “சும்மா போடுங்க சார், எல்லாரும் போடுறாங்க” என்று சொன்ன முதலாளி ஒருவர் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. உனக்குத் தெரியாததா?

அதனால் கேட்கிறேன். நாட்டுக்குத் திரும்பி வருவாய், அது தெரியும். என் வீட்டுக்கு வருவாயா? வருவேன் என்று ஒரு வார்த்தை சொல், இன்றைக்கே போடுகிறேன், கீழே முத்திரையும் குத்துகிறேன்.

அது சரி, எந்த ஊருக்குப் போகிறாய் என்றே எழுதவில்லையே. அங்கே அப்படி என்னதான் இருக்கிறது?

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன் (இன்னும்)

மார்ச் 17

என்னங்க,

பிடித்த முயலுக்கு மூன்றே கால்தான் உங்களுக்கு.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். பத்தொன்பது வருடமாக என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான். மலைக்குப் போகலாம் என்றேன், “அங்க என்ன இருக்கு, கல்லுதானே” என்றீர்கள். கடலுக்குப் போகலாம் என்றேன், “தண்ணிதானே, குழாய்ல வருதே” என்றீர்கள். கடைசியில் ஒருமுறை டிக்கெட் எடுத்து, ஸ்டேஷனில் பெட்டியோடு நின்றோம். போன் வந்தது, யாரோ லிஃப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று ஓடினீர்கள். அதற்கு நான் கோபப்படவே இல்லை. உயிர் விஷயம். ஆனால் ரயிலைப் பிடிக்க முடியாமல் போனதும் உங்கள் குரலில் ஒரு நிம்மதி கேட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதனால் வருவேனா மாட்டேனா என்று இப்போது கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. விசாவுக்காகப் பொய் சொல்ல எனக்கும் மனது வரவில்லை.

நான் போகும் இடத்தில் ஒரு வளைகுடா இருக்கிறது. தினமும் இரண்டு முறை கடல் பதினைந்து மீட்டர் இறங்கி, திரும்ப ஏறுகிறது. காலையில் படகு போன இடத்தில் மத்தியானம் செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கலாம். மீன்கள் எங்கே போகின்றன, படகுகள் என்ன செய்கின்றன என்று லேபில் ரத்தம் எடுத்த குழாய்களுக்கு லேபிள் ஒட்டும்போதெல்லாம் யோசிக்கிறேன். விசாவுக்காக எழுதிய பயணத் திட்டத்தின் நகல் இதனுடன் இருக்கிறது. பதினான்கு நாளும் அதே ஊர்தான். “மேடம், இதையே பதினாலு நாளும் பார்ப்பீங்களா? நாலு மியூசியமாவது போடுங்க” என்று ஏஜென்ட் அழாத குறையாகச் சொன்னார். நான் போடவில்லை.

இப்படிக்கு,
நான்

மார்ச் 29

லேப் அம்மாவுக்கு,

பதினைந்து மீட்டரா? நடுவில் புள்ளி வைக்க மறந்துவிட்டாயா? பதினைந்து மீட்டர் என்றால் ஐந்து மாடி! என் லிஃப்ட் பதினைந்து விநாடியில் ஏறிவிடும், ஆனால் அதற்கு மோட்டார் இருக்கிறது, எதிர் எடை இருக்கிறது. இந்தத் தண்ணீரை யார் தூக்குகிறார்கள்? நிலா என்று நம் கம்பெனி இன்ஜினியர் சொல்கிறான். எனக்கு நம்பிக்கையில்லை. நூலகத்துக்குப் போய்ப் படித்தேன். சிரிக்காதே, நூலகத்துக்குத்தான். நிலாதானாம்.

ஒரு சந்தேகம். படகைக் கரையில் கட்டுவார்களே, அந்தக் கயிறு எவ்வளவு நீளம்? குட்டையாகக் கட்டினால் தண்ணீர் இறங்கியதும் படகு தொங்கும். நீளமாகக் கட்டினால் ஏறும்போது அலைந்துபோய் அடுத்த படகில் மோதும். யோசித்து யோசித்து ஒரு வாரமாகத் தூக்கம் கெட்டுவிட்டது. போனால் அதை மட்டும் பார்த்துவிட்டு வந்து சொல்.

நீ ஸ்டேஷனைப் பற்றி எழுதியது உண்மை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. புது இடத்துக்குப் போனால் எனக்கு ஒன்றும் தெரியாது, உன் முன்னால் முழிக்க வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான். இதைச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வருடமும் ஒரு விசாவும் தேவைப்பட்டிருக்கிறது.

கடிதம் எழுதிவிட்டேன். ஏஜென்ட் மாதிரி இல்லை, என் மாதிரி. இதுதான்:

‘விசா அதிகாரி அவர்களுக்கு, நான் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை. என் மனைவி பதினெட்டு மாதமாகத் தனியாக இருக்கிறார். என்னிடம் திரும்பி வருவார் என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் நாட்டுக்குத் திரும்பி வருவார். அவர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுப்பவர். நரம்பு கிடைக்காத கிழவர்கள் அவர் கைக்காகவே காலை ஆறரைக்கு வந்து காத்திருக்கிறார்கள். எனக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் அடித்தபோதுகூட அவர் லீவு போட்டதில்லை. இதை நான் படுத்துக்கொண்டே கண்ணால் பார்த்தேன். இப்படிப்பட்டவர் உங்கள் நாட்டில் தங்கிவிட மாட்டார்.’

வேண்டுமானால் வை, வேண்டாம் என்றால் கிழித்துப் போடு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

மே 6

என்னங்க,

விசா கிடைத்துவிட்டது!

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஏஜென்ட் தலையில் அடித்துக்கொண்டார். “மேடம், இது உங்களுக்கு நீங்களே வச்சுக்கிற சூனியம்” என்றார். “இருக்கட்டும், வைங்க” என்றேன். உண்மையில் எனக்கும் பயம்தான்.

நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கிறவர். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தார். “இது ஏஜென்ட் எழுதிக் கொடுத்ததா?” என்று கேட்டார். “ஏஜென்ட் எழுதியிருந்தா இவ்வளவு மோசமா எழுதியிருக்க மாட்டாருங்க” என்றேன். மொழிபெயர்க்கிறவர் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் மொழிபெயர்த்தார். அடுத்த கேள்வி என்ன தெரியுமா? “அவருக்கு நூத்தி மூணு டிகிரி காய்ச்சல் அடிச்சப்பவும் நிஜமாவே லீவு போடலையா?” எனக்கு வெட்கமாகிவிட்டது. “மாத்திரை கொடுத்துட்டுதாங்க போனேன்” என்றேன். அவ்வளவுதான், பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். பதினைந்து நாள், ஒரே ஒரு முறை நுழையலாம். வேலை பார்க்கக் கூடாது.

அன்றைக்கு நான் லீவு போட்டிருக்க வேண்டும். குறை என் பக்கமும் இருக்கிறது.

நன்றி. ஜூன் பத்தாம் தேதி கிளம்புகிறேன். கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அன்புடன்,
நான்

ஜூன் 13
கடல் இறங்கும் ஊரிலிருந்து

என்னங்க,

விமான நிலையத்தில் என்னை ஏகப்பட்ட கேள்வி கேட்டார்கள். எத்தனை நாள், எங்கே தங்குவாய், திரும்பிப் போக டிக்கெட் எங்கே, பையில் விதை உண்டா, பால் உண்டா. என் ஷூவைக் கழற்றி அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். வெளிநாட்டு மண் ஒட்டியிருக்கக் கூடாதாம்! எதற்கு வந்தாய் என்று கேட்ட பையனிடம், கடல் இறங்குவதைப் பார்க்க என்றேன். “பதினாலு நாளுமா?” என்றான். நம் ஏஜென்டுக்கு உறவாக இருப்பானோ என்னவோ.

நான் புள்ளி வைக்க மறக்கவில்லை. உண்மையாகவே ஐந்து மாடி. காலையில் படித்துறையில் காலைத் தொங்கப்போட்டால் தண்ணீர் பாதத்தில் படுகிறது. மத்தியானம் அதே இடத்தில் எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிறது, கீழே சேற்றில் மனிதர்கள் எறும்பு அளவுக்கு நடக்கிறார்கள். மீன்களில் பாதி தண்ணீரோடு போய்விடுகின்றன, ஏமாந்தவை குட்டைகளில் மாட்டிக்கொள்கின்றன. அவற்றைப் பறவைகள் பார்த்துக்கொள்கின்றன.

இப்போது உங்கள் கயிறு. கரையோரம் உயரமான இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். அதில் ஒரு பெரிய வளையம், வளையத்தில் படகு. தண்ணீர் ஏறினால் வளையமும் ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. பார்த்ததும் உங்கள் லிஃப்ட் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கும் தண்டவாளம்தான் ஞாபகம் வந்தது. “இங்க பாருங்க!” என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். திரும்பினால் யாரும் இல்லை. அந்த நிமிடம் உங்களைத் தேடினேன். மறைக்கவில்லை, நன்றாகவே தேடினேன்.

அப்புறம் இன்னும் இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். போகலாமா என்று யாரும் கேட்கவில்லை. அதுவும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்புடன்,
நான்

ஜூன் 14

லேப் அம்மாவுக்கு,

விடுதி விலாசம் உன் பயணத் திட்டத்தில் இருந்தது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீ கிளம்புவதற்குள் கிடைக்க வேண்டும்.

முன் அறையில் இருந்த மோட்டார், கம்பி, எண்ணெய் டப்பா எல்லாவற்றையும் காலி செய்துவிட்டேன். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. இருபது வருடத்தில் அந்த அறைக்கு ஜன்னல் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன்.

இன்னொன்று. நானும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பம் வாங்கிவிட்டேன். கடலை நானும் பார்க்க வேண்டும். போட்டோவில் சிரிக்கக் கூடாதாம், எனக்கு அது ஒரு கஷ்டமே இல்லை. படிவத்தில் ‘மனைவி பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. மற்றதை எல்லாம் நிரப்பிவிட்டேன். அதை மட்டும் உன்னைக் கேட்காமல் எழுத மனம் வரவில்லை.

எழுதலாமா? வீட்டுக்கு வந்துவிடு. நீ வேண்டும் எனக்கு.

இப்படிக்கு,
நான்

ஜூன் 26
மாடி அறை

என்னங்க,

உங்கள் கடிதம் கிளம்பும் நாள் காலையில் கிடைத்தது. விமானத்தில் மூன்று முறை படித்தேன், மூன்று முறையும் அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் பயந்துபோய்த் தன் தண்ணீர் பாட்டிலையும் எனக்கே கொடுத்துவிட்டார்.

இறங்குவதற்கு முன்னால் ஒரு சீட்டு கொடுத்தார்கள். நாட்டுக்குள் வருகிறவர்கள் நிரப்ப வேண்டிய சீட்டு. பாஸ்போர்ட் எண், எங்கிருந்து வருகிறீர்கள், கடைசியாக ‘உங்கள் முகவரி’. உங்கள் கடிதம் மடியில் இருக்கும்போதே எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பார்த்தால், இந்த மாடி அறையின் விலாசம். பழக்கதோஷமோ என்று எனக்கே சந்தேகம். விமானப் பணிப்பெண்ணிடம் இன்னொரு சீட்டு வாங்கி நம் வீட்டு விலாசத்தை எழுதிப் பார்த்தேன். கதவு எண், தெரு எல்லாம் சரியாக வந்தது. ஆனால் நெஞ்சு அடைத்துக்கொண்டது. ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரிந்தும் அடைத்தது. முதல் சீட்டையே கொடுத்தேன்.

நான் வரவில்லைங்க. கோபம் இல்லை. அது எங்கே போனது என்றே தெரியவில்லை. உங்கள் மேல் பிரியம், கூட இருந்தபோது இருந்ததைவிட இப்போது அதிகமாகவே இருக்கிறது. அதற்காகத் திரும்பி வந்தால் அதுவும் கெட்டுவிடும். நான் தனியாக இருந்து பார்த்துவிட்டேன், எனக்கு இது பிடித்திருக்கிறது.

நீங்கள் அந்தக் கடலுக்குக் கட்டாயம் போங்கள். நான் கூட வந்தால் நீங்கள் கடலைப் பார்க்க மாட்டீர்கள், நான் சந்தோஷமாக இருக்கிறேனா என்று என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். தனியாகப் போய் நன்றாக முழியுங்கள். அங்கே எல்லோரும் முழித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை.

மனைவி பெயர் கட்டத்தில் இப்போதைக்கு என் பெயரைத்தான் எழுத வேண்டும், சட்டம் அப்படி. எழுதுங்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்க வேண்டாம். வக்கீலைப் பார்ப்பதைப் பற்றி நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.

அதே படிவத்தின் பின்பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கிறது. அவசரம் என்றால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பார்கள். அதிலும் என் பெயரை எழுதுங்கள், போன் நம்பரோடு. அது சட்டத்துக்காக இல்லை. நானாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
நான்