கடலுக்கடியில் உன் அப்பா பேசினார்

அன்புள்ள குண்டுமணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், இங்கே நாங்கள் இருவரும் கை கால் திடமாக இருக்கிறோம், காதில் மட்டும் ஆளுக்கு ஒரு கரண்டி உப்புத் தண்ணீர் நிற்கிறது, தலையைச் சாய்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் குதித்தால் வெளியே வருகிறது. காதில் எதற்குத் தண்ணீர் என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கிருந்தே தெரிகிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வீடியோவில் சொல்லலாமென்றால் இந்தத் தீவில் நெட் இருக்கிற அழகுக்கு என் கை பாதி வார்த்தையில் அந்தரத்தில் நின்றுவிடுகிறது, வாயால் பேசுகிறவர்களுக்காவது குரல் விட்டு விட்டு வரும், கையால் பேசுகிற நமக்குப் படம் நின்றால் பேச்சும் நின்றது. போன தடவை நான் மீன் என்று காட்டியது உனக்குப் பாம்பு என்று போய்ச் சேர்ந்து நீ இரவெல்லாம் தூங்கவில்லை என்று மாப்பிள்ளை மெசேஜ் போட்டிருந்தார். பாம்பு எதுவும் இல்லை. நானும் உன் அப்பாவும் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு கடலுக்கடியில் போகக் கற்றுக்கொள்கிறோம், அவ்வளவுதான். பதறாமல் மேலே படி.

அப்பா வந்த வேலை இழுத்துக்கொண்டே போகிறது, மீன் குளிர்கிடங்குக்கு வரவேண்டிய இயந்திரத்தில் பாதி இன்னும் கப்பலில் வருகிறதாம், அதுவரை கிடங்குக்கு மேலே இருக்கிற இரண்டு அறைதான் நமக்கு வீடு. கீழே மோட்டார் ஓடினால் மேலே டம்ளர் தானாக நகர்கிறது. செய்ய வேலை இல்லாமல் நான் ஜன்னலில் உட்கார்ந்து எதிர்வாடையில் இருக்கிற முங்கு பள்ளிக்கூடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். கறுப்பு உடுப்பு போட்டுக்கொண்டு போகிறவர்கள் திரும்பி வரும்போது முகமே வேறாக இருக்கும், அப்படி என்னதான் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்று எனக்குத் தலை வெடிக்கும். அதை நடத்துகிறவள் உன்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், தெருவே அவளைத் தவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறது, அவளும் அதற்குத்தான் திரும்புகிறாள். சிலிண்டரில் காற்று ஏற்றுகிற கம்ப்ரஸர் படுத்துவிட்டது என்று அப்பாவிடம் வந்து நின்றாள், அவர் பிரித்து மேய்ந்து வால்வை மாற்றிக் கொடுத்தார், அவள் அதைச் சோதனை பார்த்துத் திருப்தியாகி, கைம்மாறாக உங்களுக்குக் கற்றுத்தரட்டுமா சார் என்று கேட்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்றுவிட்டேன். அவருக்கு இஷ்டமே இல்லை, ஆனால் நான் தனியாகப் போவதாகச் சொன்னதும், நான் ரிப்பேர் பண்ணின காத்தை நானே நம்பலைன்னா வேற யார் நம்புவா என்று சொல்லிக்கொண்டு கூட வந்தார். உன் அத்தை போன் போட்டு, பல் போன வயசுல உங்க ரெண்டு பேருக்கும் இது தேவையா என்று கேட்டாள், நீச்சல் தெரிந்தவளுக்கு வயசு என்ன என்று நானும் விடவில்லை.

பல் என்றதும் ஞாபகம் வருகிறது. மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்காமல் டீச்சர் தண்ணீரில் இறக்க மாட்டாள். மருத்துவர் நெஞ்சு, காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துவிட்டு அப்பாவின் பல் செட்டைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்றார். உன் அப்பாவுக்கு வந்ததே கோபம், என் பொண்ணு அவ லேபில அவ கையால செஞ்ச பல்லு சார், கல்லைக் கடிச்சாலும் அசையாது என்று அவரிடமே கடித்துக் காட்டினார். மருத்துவர் அசைந்து கொடுக்கவில்லை. இப்போது ஒவ்வொரு தடவையும் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி டீச்சர் கையில் கொடுக்காமல் என் செருப்புக்குள் வைத்துவிட்டுப் போகிறார், மூக்குக்கண்ணாடியைக்கூட அப்படிப் பத்திரம் பண்ணியதில்லை.

முதலில் நீச்சல் குளத்தில்தான். சிலிண்டர் குழாயின் ரப்பர் முனையை வாயில் கடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்து மூச்சு விடு என்கிறாள், உடம்பு மாட்டேன் என்கிறது, தொட்டில் காலத்திலிருந்து தண்ணீரில் மூச்சை அடக்கு என்றே பழகிய நெஞ்சு அல்லவா. இங்கே அடக்கவே கூடாதாம், மூச்சை விட்டுக்கொண்டே இருக்க வேண்டுமாம், ஆழம் போகப்போக மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதிக் காதைத் திறந்துவிட வேண்டுமாம். ஒரு வழியாக இழுத்தேன், காற்று வந்தது. அந்த முதல் மூச்சை உனக்கு எப்படிச் சொல்வேன் போ. அதைவிட வேடிக்கை, கீழே எல்லோரும் கையால்தான் பேச வேண்டும். வாழ்நாளெல்லாம் டெலிபோன் எக்சேஞ்சில் கத்திய வாய்க்கு அங்கே வேலையில்லை, ஆனால் உன்னோடு பேசிய கை சும்மா இருக்குமா, உடுப்பு இறுக்குது, தண்ணி சில்லுனு இருக்கு, உங்க தலைமுடி பாசி மாதிரி மிதக்குது என்று நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். டீச்சர் மேலே வந்து, அம்மா நீங்க முங்க வந்தீங்களா அரட்டை அடிக்க வந்தீங்களா என்றாள், அப்புறம் அவளே நண்டுக்கு என்ன, படகுக்கு என்ன என்று கேட்டுக் கற்றுக்கொள்கிறாள். உன் அப்பா பாடுதான் திண்டாட்டம். அவருக்குத் தெரிந்த ஒரே சைகை உனக்குக் காட்டுகிற கட்டைவிரல்தான், எதற்கெடுத்தாலும் விரலைத் தூக்குவாரே அதுதான். தண்ணீருக்கடியில் அந்த விரலுக்கு அர்த்தமே வேறு, என்னை மேலே கூட்டிப் போ என்று. இவர் எல்லாம் ஜோர் என்று விரலைத் தூக்க, டீச்சர் இவரை மேலே இழுத்துக்கொண்டு வர, ஏம்மா நல்லாத்தானே இருந்தேன் என்று இவர் கேட்க, ஒரு காலை முழுக்க இதே கூத்து.

நீ கூப்பிட்டதற்கு வருகிறேன் இப்போது. இங்கே வேலை முடிந்ததும் இரண்டு பேரும் வந்து ஒரு மாதமாவது இருங்கள் என்று எழுதியிருந்தாய். நான் உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அப்பா நீ மட்டும் போயிட்டு வா என்றார். அவளுக்கும் காது கேக்காது, மாப்பிள்ளைக்கும் கேக்காது, நீயும் அவங்களும் கையால பேசிச் சிரிச்சுப்பீங்க, நான் சுவரைப் பார்த்துக்கிட்டு உட்காரணும், எதுக்கு எல்லாரையும் சங்கடப்படுத்தணும் என்றார். எத்தனை சொல்லியும் பிடி கொடுக்கவில்லை. இதை உனக்கு எழுத எனக்கு மனசு வரவில்லை, அதனால்தான் நீ கேட்டபோதெல்லாம் இங்கே மழை என்றும் மாப்பிள்ளையின் தோள்வலி எப்படி என்றும் எழுதித் தள்ளினேன்.

போன வாரம் முதல் தடவையாகக் கடலில் இறக்கினாள். படகிலிருந்து பின்பக்கமாகச் சாயச் சொன்னாள், குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு சாய்ந்தேன். கீழே போகப்போகச் சிவப்பெல்லாம் வடிந்து எல்லாம் நீலமாகிறது, என் கையில் ஒரு கீறல், அதன் ரத்தம் பச்சையாகத் தெரிந்தது, ஏன் என்று கேட்டுப் படித்து வைத்திருக்கிறேன், அது தனிக் கடிதம். நான் ஒரு பாறைச் சந்தில் சின்ன இறால் ஒன்று பெரிய மீனின் செவுளைச் சுத்தம் செய்வதைப் பார்த்து மெய்மறந்து நின்றேன். அப்போது டக் டக் என்று சத்தம், தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்றே தெரிவதில்லை, தலைக்குள்ளேயே தட்டுகிற மாதிரி இருக்கிறது. மேலே பார்த்தேன், இடது பக்கம் பார்த்தேன், ஒன்றுமில்லை. உன் அப்பாதான், எனக்குப் பின்னால் சிலிண்டரில் கல்லால் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் திரும்பவில்லை என்றதும் நீந்தி முன்னால் வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினார். கண்ணாடிக்குள் கண் இரண்டும் தெறித்துவிடும் போல இருந்தது, காற்று வரவில்லையோ நெஞ்சு வலியோ என்று அவர் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். இல்லை. அவர் எதையோ பார்த்திருக்கிறார், அது போய்விட்டது, அதை எனக்குச் சொல்ல வேண்டும். கட்டைவிரல் பாதி எழும்பியது, இது ஆகாது என்று அவருக்கே தெரிந்து மடக்கிக்கொண்டார். அப்புறம் இரண்டு கையாலும் பேச ஆரம்பித்தார் பார். நீளம் காட்டினார், வளைவு காட்டினார், கன்னத்தை உப்பிக் காட்டினார், உடம்பையே முறுக்கிக் காட்டினார், எனக்குப் பாதி புரியவில்லை என்றதும் முதலிலிருந்து மறுபடி. நம் வீட்டில் இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத மனிதர். பேசுகிற வேகத்தில் மூச்சை வாரி வாரி இழுத்ததில் சிலிண்டர் காலியாகிக்கொண்டு வந்ததை அவர் கவனிக்கவேயில்லை, டீச்சர் மீட்டரைப் பார்த்துவிட்டு அவர் கையைப் பிடித்து மெதுவாக, நடுவில் நிறுத்தி நிறுத்தி மேலே கொண்டுவந்தாள். படகில் ஏறியதும், நீச்சலடிச்சுக் காத்தைத் தீர்த்தவங்களைப் பார்த்திருக்கேன் சார், பேசியே தீர்த்தவரை இப்பத்தான் பார்க்குறேன் என்றாள். பயமில்லை, நேரத்துக்கு வந்துவிட்டோம், நீ கவலைப்படாதே.

அப்பா சிரிக்கவில்லை. பல்லைக்கூட மாட்டிக்கொள்ளாமல் துண்டைப் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு என்னிடம், சொல்ல வந்தது சொல்ல முடியாம போனா நெஞ்சை அடைக்குது, நம்ம பொண்ணு சின்னப் பிள்ளையில ஸ்கூல் விட்டு வந்ததும் என் முன்னாடி நின்னு இப்படித்தானே கையை ஆட்டுவா என்றார். மறுநாள் கிடங்கிலிருந்து வந்தவர் முகம் கழுவிவிட்டு என் எதிரில் நாற்காலியைப் போட்டு, ஆரம்பத்துல இருந்து சொல்லிக்கொடு என்றார். இப்போது தினமும் பாடம் நடக்கிறது. தடித்த விரல், ஸ்பானர் பிடித்த விரல், வளைய மாட்டேன் என்கிறது, பசி என்று காட்டப் போய் எனக்கு வேறென்னவோ காட்டிவிட்டு இரண்டு பேரும் சிரித்து மாளவில்லை. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று தனியாகவும் பழகுகிறார், நான் பார்த்தால் தலை வாருகிற மாதிரி நடிக்கிறார்.

ஆகவே டிக்கெட் இரண்டு பேருக்கும் போட்டுவிட்டோம், இயந்திரம் வந்து பொருத்தியதும் கிளம்புகிறோம். அப்பா கடலில் பார்த்தது என்னவென்று நீ கேட்பாய், எனக்கு இப்போது முழுசாகத் தெரியும், எழுதவும் கை துறுதுறுக்கிறது. ஆனால் எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதை நான் வந்து அவளுக்கு நானே சொல்லணும், நீ போட்டு உடைச்சுடாதே என்று. அவர் தப்பும் தவறுமாகத்தான் சொல்வார், மாப்பிள்ளையிடமும் சொல்லி வை, முடிக்கிறவரைக்கும் யாரும் திருத்த வேண்டாம்.

லேபில் குனிந்தே உட்காராதே, கழுத்து பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளை தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்க மறக்காதே. குறைவில்லாமல், குதூகலமாக, ஒருவருக்கொருவர் துணையாக நீடூழி வாழுங்கள்.

நீரில் நனைந்த முத்தங்களோடு,
உன் அம்மா