முழங்கால் மாத்திரையும் அம்மாவின் இடது காதும்

தன்தா, எகிப்து
அக்டோபர் 9, வியாழக்கிழமை

அன்பு மகள் நிஹாலுக்கு,

தன்தாவிலிருந்து அம்மா. இறைவன் அருளால் நான் நலம், மாடியில் கைரிய்யா பெரியம்மா நலம், அவளுடைய கிளியும் நலம், என் இரண்டு முழங்கால்களும் மாத்திரை எதுவும் இல்லாமலே மிகவும் நலம். டொரண்டோவில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன். உன்னிடமே கேட்கலாம் என்றால் பதினொரு நாளாக நீ போனை எடுப்பதில்லை. குரலில் பதிந்து அனுப்பினால் கேட்காமலே அழித்துவிடுவாய். அம்மா கையால் எழுதிய உறையைப் பிரிக்காமல் தூக்கிப் போடும் அளவுக்கு உன்னை நான் வளர்க்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். கோபமாக இருக்கிறாய், தெரியும். கோபத்தோடேயே படி, ஒன்றும் குறைந்துவிடாது.

நடந்ததை எல்லாம் நீ ஹைஸம் வாயால் கேட்டிருக்கிறாய், என் வாயாலும் கேள். முப்பத்தொரு வருடம் தன்தா ஸ்டேஷனில் ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ரயில் அறிவித்தேன். ஊர் முழுக்க என் குரலைத் தெரியும், முகத்தைத் தெரிந்தது உன் அப்பாவுக்கும் மீன்காரருக்கும் மட்டும்தான். ஏப்ரலில் ஓய்வு பெற்ற அன்று மைக்கை அணைக்கும் முன் வாய் சும்மா இருக்கவில்லை, "இது சஃபினாஸ். இத்தனை வருஷமா உங்களைக் காக்க வெச்சது நான் இல்லை, ரயில்தான். என்னைத் திட்டினவங்க எல்லாரையும் மன்னிச்சுட்டேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அதை எவனோ நான்காம் பிளாட்பாரத்தில் நின்று படம் பிடித்துப் போட, ஏழு லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் காலையிலேயே நீ கூப்பிட்டு, "அம்மா, நீ இப்ப ஒரு பிராண்ட்" என்றாய். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததுபோல நீ சொன்ன விதத்தில் நான் பயந்தே போனேன். பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன், "அதுக்கு என்ன பத்தியம்னு கேட்டியா?" என்றாள்.

பத்தியத்தோடு வந்தவன்தான், உன் நிறுவனத்துக்காகக் கெய்ரோவில் வேலை பார்க்கும் ஹைஸம். வட்ட விளக்கு ஒன்று, உன்னுடைய நாற்பது பக்கத் திட்டம், ஆறு நீலத் தலைத்துணிகள். "ஆன்ட்டி, ஒரே நிறம், ஒரே மூலை, ஒரே சிரிப்பு. ஜனங்க உங்களை மறக்கவே கூடாது" என்றான். பிறகு சுவரில் இருந்த உன் அப்பாவின் படத்தைக் கழற்றினான், துக்கம் தெரிந்தால் பார்ப்பவர்கள் போனில் விரலால் தள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். உன் அப்பாவைப் பார்த்து யாரும் தள்ளிப் போனதில்லை, வட்டிக்காரர்கூட உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத்தான் போவார். ஆனாலும் மகள் சொல்லி அனுப்பிய பிள்ளையாயிற்றே என்று பொறுத்தேன். இரண்டு வாரம் நீலத்தைக் கட்டிக்கொண்டு தினம் ஒரு நல்ல வார்த்தை சொன்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை, நமக்கே பிடிக்காத குரலை ஊர் எப்படிக் கேட்கும்? ஒரு நாள் ஹைஸம் தூங்கி எழுவதற்குள் நானே ஒரு வீடியோ போட்டேன். பக்கத்துத் தெரு மருமகள் கேட்டுக்கொண்டபடி, அவள் மாமியார் மன்சூராவிலிருந்து மூன்று பெட்டிகளோடும் ஏராளமான அறிவுரைகளோடும் முதலாம் பிளாட்பாரத்துக்கு வந்துகொண்டிருக்கிறார் என்று ஸ்டேஷன் குரலில் அறிவித்தேன். மாமியாரே பார்த்துச் சிரித்துவிட்டு, மருமகள் பரீட்சையில் பாசானதை அறிவிக்கச் சொல்லி எழுதினார். அதற்குப் பிறகு நிச்சயதார்த்தம், குழந்தை பிறந்தது, ஓடிப்போன பூனை என்று எகிப்து முழுக்க எனக்கு வேலை கொடுத்தது. நீயே கூப்பிட்டு, "இது திட்டத்துல இல்லையேம்மா, ஆனா ஓடுது" என்றாய். நாற்பது பக்கத்திலும் இல்லாதது என் வாயில் இருந்தது என்று நான் அப்போது சொல்லிக்காட்டவில்லை, இப்போது சொல்லிக்காட்டுகிறேன்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். ஹாஜ் ஃபிக்ரி ஆகஸ்டில் வீட்டுக்கு வந்தார். வாசனை, மோதிரம், கை நிறைய இனிப்புப் பெட்டி. அவருடைய முழங்கால் மாத்திரைக்கு என் குரலும் முகமும் வேண்டுமாம், ஆறாம் நாள் ஓடலாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். மரியாதையாகத்தான் பேசினார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டே, "உங்க வீட்டுல யாரு சாப்பிடுறாங்க ஹாஜ்?" என்று கேட்டேன். கேள்வி முடியும் முன்பே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "எங்க வீட்டுல எல்லாருக்கும் கால் நல்லாருக்கு ஹாஜ்ஜா" என்றார். அப்போதுதான் என் இடது காதுக்குப் பின்னால் அரிக்க ஆரம்பித்தது.

அந்த அரிப்பை நீ கேலி செய்தாய், ஆனால் அதன் கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம், ஒரு குளிர்கால மதியம். அலெக்சாண்டிரியா வண்டி மூன்றாம் பிளாட்பாரம் என்று சீட்டு வந்தது. மைக்கைத் தொட்டேன், காது அரித்தது. தண்டவாளத்திலிருந்து வந்த சத்தம் என் அறைச் சுவரில் வழக்கமான பக்கத்தில் இல்லை. அறிவிக்காமல் உட்கார்ந்தேன். அதிகாரி கதவைத் தட்டி, "வாயில என்ன கொழுக்கட்டையா சஃபினாஸ்?" என்று கத்தினார். ஒரு நிமிடத்தில் வண்டி ஐந்தாம் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. நான் மூன்று என்று சொல்லியிருந்தால், சந்தைக் கூட்டம் முழுவதும் மூட்டையோடு ஐந்தாம் தண்டவாளத்தைத் தாண்டி மூன்றுக்கு ஓடியிருக்கும், வண்டி வரும் அதே நேரத்தில். அன்றைக்கு அதிகாரி எனக்கு ஒரு கோப்பை தேநீர் கொண்டுவந்து வைத்தார். பரிசு, பாராட்டு, சம்பள உயர்வு எல்லாம் அந்த ஒரு கோப்பைதான், அதிலும் சர்க்கரை இல்லை.

இதையெல்லாம் உனக்குச் சொல்லும் முன்பே நீ ஹாஜ் ஃபிக்ரியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாய். உன் நிறுவனத்தின் பெயரையும் சுவரொட்டியில் சேர்க்கச் சொன்னாய். எனக்குக் காது அரிக்கிறது என்றதற்கு, "காது அரிக்குதுன்னு யாராவது ஒப்பந்தத்தை விடுவாங்களாம்மா? ரெண்டு சொட்டு எண்ணெய் விடு" என்றாய். நிஹால் கண்ணு, அதே வாரம் நீ உன் இணையப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தாயே, வாழ்க்கை திரும்பும்போது உங்கள் உள்மனது சொல்வதைக் கேளுங்கள் என்று. ஒன்பதாயிரம் பேர் இதயம் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். ஒன்பதாயிரம் பேருடைய உள்மனதையும் நம்பினாய், உன்னைப் பெற்றவளுடையதற்கு மட்டும் எண்ணெய் விடச் சொன்னாய்.

இருந்தாலும் போனேன், உன் பெயர் ஒட்டியிருந்ததால் போனேன். கால்வாய்க் கரை மண்டபத்தில் காலை பதினொரு மணிக்கு விழா. உண்மையைச் சொல்கிறேன், மேடை ஏறும்வரை ஹைஸம் எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு வரும் எண்ணத்தில்தான் இருந்தேன். படிக்கட்டில் ஒரு பெண்மணி கையைப் பிடித்துக்கொண்டாள், என் வயதுதான் இருக்கும், கைத்தடியோடு மஹல்லாவிலிருந்து வந்திருந்தாள். "முப்பது வருஷமா நீங்க சொன்ன பிளாட்பாரத்துக்குத்தான் போனேன், ஒரு நாளும் தப்பல. டாக்டர் கொடுத்ததை நிறுத்திட்டேன், இனிமே நீங்க சொல்றதுதான்" என்றாள். எனக்குக் காது மட்டுமல்ல, முதுகு வரைக்கும் அரித்தது. மைக் முன்னால் நின்றேன். நல்ல மைக், ஸ்டேஷனில் அப்படி ஒன்று எனக்குக் கொடுத்ததே இல்லை. காகிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்ததும் மண்டபமே கைதட்டியது. "முழங்கால் மாத்திரை விரைவு வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வருகிறது என்ற தகவல் எனக்கு வரவில்லை. வராத தகவலை நான் அறிவிப்பதில்லை. பயணிகள் தங்கள் டாக்டரை விசாரித்துக்கொள்ளுமாறும், பழைய மாத்திரையிலிருந்து அவசரப்பட்டு இறங்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." முதலில் சிரித்தது அந்தக் கைத்தடிக்காரிதான். ஹாஜ் ஃபிக்ரியின் முகம் நான் கட்டியிருந்த தலைத்துணியின் நிறத்துக்கு வந்தது. ஹைஸம் பின்னால் நகர்ந்து, பிரமிடு மாதிரி அடுக்கியிருந்த மாத்திரைப் பெட்டிகள்மேல் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்குத்தான் நீ கூப்பிட்டு, "என் பேரையே நாசம் பண்ணிட்டியேம்மா" என்று சொல்லிப் போனை வைத்தாய். உனக்கு நஷ்டம்தான், அதை மறுக்கவில்லை, அதற்கு மன்னிப்பும் கேட்கிறேன். முன்னாலேயே வர மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும், மேடை வரை போனது என் தப்பு. மாத்திரை நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நல்லதாகவே இருக்கலாம். என்னைப் பின்தொடர்ந்தவர்களில் நாற்பதாயிரம் பேர் போய்விட்டார்கள், அவர்கள் எல்லோருக்கும் முழங்கால் வலியோ என்னவோ. நாலாம் நாள் ஹைஸம் வந்தான். முட்டைக்கோஸ் இலையில் சோறு பொதிந்த மஹ்ஷி ஒரு தட்டு முழுக்கத் தின்றுவிட்டு, "ஆன்ட்டி, எங்கம்மாவுக்கு ரெண்டு பெட்டி கொடுத்திருந்தேன், போய் எடுத்துட்டு வந்துட்டேன்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னான். போகும் முன் அவனாகவே ஸ்டூலில் ஏறி உன் அப்பாவின் படத்தை மாட்டினான். கோணலாகத்தான் மாட்டினான், நான் திருத்தவில்லை.

இனி எழுதப்போவதற்கு உட்கார்ந்துகொள். முப்பத்தொரு வருடம் சத்தத்தை வைத்தே பிழைத்தவள் நான். இரண்டு மாதமாக உன் குரல் எதிரொலிக்கிறது. போன் படத்தில் உனக்குப் பின்னால் அதே சோபா, அதே எலுமிச்சைச் செடி, ஆனால் சோபா இருக்கும் அறையில் குரல் அப்படி முட்டித் திரும்பாது. அந்தச் செடியும் இரண்டு மாதமாக ஒரு இலைகூட விடவில்லை, சோபாவோடு சேர்த்துத் துணியில் அச்சடித்துத் தொங்கவிட்ட செடி எப்படி விடும்? தாரிக் எங்கே என்று கேட்கும்போதெல்லாம் குளிக்கிறான் என்கிறாய். உலகத்திலேயே சுத்தமான மருமகன் எனக்குத்தான் வாய்த்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நீ அவனை விட்டு வந்தாயா, அவன் போனானா, யார்மேல் தப்பு, எதுவும் நான் கேட்கவில்லை. கைரிய்யாவிடம் மூச்சு விடவில்லை, அவளிடம் சொன்னால் கிளி தெருவுக்கே சொல்லிவிடும். சேர்ந்து வாழ்வது எப்படி என்று உன்னிடம் பாடம் கேட்கும் அத்தனை பேர் முன்னாலும் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிறாயே, உன் தாடை வலிக்காதா என்றுதான் எனக்குக் கவலை. எல்லோருக்கும் உடனே சொல்லிவிட வேண்டும் என்று இல்லை கண்ணு. உனக்கே தகவல் முழுசாக வரட்டும். அதுவரை பேசாமல் இரு, ஆனால் பொய்யாக அறிவிக்காதே. சாப்பிடு. நின்றுகொண்டே சாப்பிடாதே.

ஆகஸ்டு கடைசியில், நமக்குள் சண்டை வருவதற்கு முன்பே, உன்னிடம் சொல்லாமல் விசாவுக்குக் கொடுத்தேன். எதற்கு என்று அதிகாரி கேட்டதற்கு மகளைப் பார்க்க என்றேன், அவசரமா என்றதற்கு அவளுக்கு இன்னும் தெரியாது என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் முத்திரை குத்திவிட்டார். நவம்பர் பதினான்காம் தேதி மத்தியானம் வந்து இறங்குகிறேன். உனக்கு விருப்பமில்லை என்றால் போனை எடுத்து வராதே என்று சொல், அதைச் சொல்லவாவது போனை எடுப்பாய்.

இறைவன் உன் வழியை நேராக்கட்டும், உன் வீட்டுக்குள் மனிதச் சத்தம் நிறையட்டும், கெட்ட கண் எல்லாம் உன்னைத் தாண்டிப் போகட்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே, மஹல்லாவில் கனமான பருத்தித் துணி பார்த்து வைத்திருக்கிறேன், அந்தக் காலி அறையில் எத்தனை ஜன்னல், என்ன அளவு என்று உடனே எழுதி அனுப்பு. திரை தைத்துக் கொண்டுவருகிறேன்.

உன்னை முத்தமிடும்,
அம்மா சஃபினாஸ்