பதினேழு இன்ச் வேண்டாம்

எர்ணாவூர்
ஞாயிறு, நவம்பர் 2008

வேண்டாம், அர்ஜுன். பதினேழு இன்ச் மானிட்டரும் வேண்டாம், அதற்காக நீ வாங்கித் தருகிறேன் என்ற கம்ப்யூட்டர் கார்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை போனில் கேட்டாயே, அதற்குப் பதில் இது. உன் தம்பியும் தங்கையும் செல்லில் காதை ஒட்டிக்கொண்டு நின்றதால் அப்போது சொல்ல முடியவில்லை. நாங்கள் இருக்கிறோம், உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சார்ஜாவில் வெயில் தணிந்திருக்கும். இங்கே மழை. மழை விட்டால் அனல்மின் நிலையச் சாம்பல். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், உன் அப்பா கடலுக்குப் போகவில்லை. கடலுக்குப் போகாத அவரை மூன்றாவது மாடியில் வைத்துக்கொண்டிருப்பது ஒரு தனி வேலை.

கம்ப்யூட்டர் கேட்டது நான்தான். பள்ளிக்கூடம் விட்டதும் அம்முவும் பாஸ்கரும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி பிரௌசிங் சென்டருக்கு ஓடுவார்கள், கார் ரேஸ் ஆட. இரண்டு தலையும் திரும்பி வரும்வரை படிக்கட்டில் நிற்பேன். இப்போது வீட்டிலேயே ஆடுகிறார்கள். அந்த நிம்மதி நீ கொடுத்தது, மறுக்கவில்லை. மானிட்டர் விஷயம்தான் ஓயவில்லை. திருவொற்றியூரில் கடை வைத்திருக்கும் ஜார்ஜ், பதினேழு இன்ச்சை வைத்துப் பாருங்கள், சரிப்படாவிட்டால் பதினைந்து மாற்றித் தருகிறேன் என்று கொடுத்தனுப்பினான். உன் அப்பா வந்ததும் கயிற்றை எடுத்துக் கண்ணாடியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் அளந்தார். பதின்மூன்றுகூட வரவில்லை. நாலு இன்ச்ச துன்னுட்டான் பார் என்றார். தார்ப்பாயில் சுற்றித் தோளில் ஏற்றி மூன்று மாடி இறங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனார். கைகலப்பு ஆகாமலிருக்க நானும் போனேன். மூலைக்கு மூலை அளக்கணும் நைனா, ஓரம் கொஞ்சம் பிளாஸ்டிக்குக்கு உள்ள பூடும் என்று ஜார்ஜ் கயிற்றைப் பிடித்துக் காட்டினான். வாழ்நாளெல்லாம் வலைக்கண்ணை முடிச்சுக்கு முடிச்சு இழுத்து அளந்தவர், கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். இத்த மின்னாடியே சொல்றதுக்கு இன்னா உனுக்கு, நம்ம வலக்கண்ணு கணக்குதானே என்றார். நீ எங்க நைனா கேட்ட, குயந்தய தூக்கிகினு வர்ற மாறி வந்து நிக்கிறியே என்றான் அவன். இருவரும் டீ குடித்தார்கள்.

அங்கேயே நான் இன்னொன்று கேட்டேன். வீட்டில் ஆடும்போது கார் விட்டு விட்டு நகர்ந்தது, எழுத்தெல்லாம் எறும்பு, பிள்ளைகள் மூக்கைக் கண்ணாடியில் வைத்தார்கள். ஜார்ஜ் திரையின் புள்ளிக் கணக்கை ஆயிரத்து இருபத்துநாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு என்று வைத்துக் கொடுத்திருந்தான். புள்ளி பொடிசாக இருந்தால் படம் தெளிவு, ஆனால் அத்தனை புள்ளியையும் ஓயாமல் வரைய உள்ளே தெம்பு வேண்டும், தனி கிராபிக்ஸ் கார்டு போட்டால் ஓடும், இல்லாவிட்டால் எண்ணூறுக்கு அறுநூறு வையுங்கள் என்றான். பொடிக்கண்ணு வல போட்டா நம்ம இஞ்சின் இஸ்காது, அதானே என்றார் உன் அப்பா. எண்ணூறு வைத்தோம். கார் ஓடியது. அந்த எண்ணூறுக்குப் பதினைந்து இன்ச் போதும், கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியதில் அதே புள்ளிதான், கொஞ்சம் தடித்துத் தெரிகிறது. அன்றைக்கே மாற்றியிருக்கலாம். புள்ள ஆசப்படுது என்று உன் அப்பா மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டார். இரண்டு பேர் சேர்ந்து ஆடினால் திரை இரண்டாகப் பிரியும், ஆளுக்குப் பாதிதானே கிடைக்கும், பெரிசா இருக்கட்டும்மா என்று நீயும் சொன்னாய். பாதி போதும். இந்த வீட்டில் எல்லாமே பாதிதான்.

இவையெல்லாம் காரணங்கள். உண்மையையும் எழுதிவிடுகிறேன். தை மாத லீவை விட்டுக்கொடுத்தால் கம்பெனியில் காசு தருவார்கள், அதில் கார்டு வாங்கலாம் என்றாயல்லவா. அது பிள்ளைகளுக்குக் கேட்டுவிட்டது. நீ போனை வைத்ததும் பாஸ்கர் சொன்னான், அண்ணன் வந்து இன்னா பண்ணப்போது, கார்டு வந்தா சூப்பரா ஆடலாம். அம்மு அவன் தலையில் ஒன்று வைத்தாள். டேய் கஸ்மாலம், அண்ணன் மூஞ்சி உனுக்கு ஞாபகம் கீதா என்றாள். அவன் யோசித்தான். மீச வச்சிருப்பாரு என்றான்.

நீ மீசை வைத்ததே இல்லை.

அவனைத் திட்ட வாய் வரவில்லை. சுனாமிக்கு அப்புறம் நாம் இருந்த தகரக் கொட்டகையிலிருந்து நீ கிளம்பியபோது அவனுக்கு நாலு வயது. அவனுக்கு அண்ணன் என்றால் வெள்ளிக்கிழமைக் குரல். அப்புறம், பெட்டியில் வந்து இறங்கும் சாமான். எனக்கு அலுப்பாக இருக்கிறது, அர்ஜுன். சாமான்களைத் துடைக்கிறேன், சாம்பல் படியாமல் துணி போட்டு மூடுகிறேன், மறுநாள் துடைக்கிறேன். இந்த வீட்டை நீ இன்னும் பார்க்கவில்லை. எந்த ஜன்னலில் கடல் தெரியும் என்றுகூட உனக்குத் தெரியாது. லீவை விடாதே. நீ வந்து பாஸ்கர் பக்கத்தில் உட்கார்ந்து ஆடு. பாதித் திரை உனக்கு.

வெறும் வயிற்றில் டியூட்டிக்குப் போகாதே. நீ போகும் இடத்தில் எல்லாம் காற்று உனக்கு இணக்கமாக வீசட்டும், நோய் நொடி இல்லாமல் இரு. டிக்கெட் போட்டதும் தேதியைப் பாஸ்கரிடம் சொல். என்னிடம் வேண்டாம், அவனிடம் சொல்.

உன் அம்மா,
செல்லம்மா

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன் மழை விட்டது. ஜார்ஜ் கடைக்குப் போய்ப் பதினேழைக் கொடுத்துவிட்டுப் பதினைந்தை எடுத்துவந்தேன். பாஸ்கர் என்னோடு பேசவில்லை. உன் பழைய போட்டோ ஒன்றை, மீசை இல்லாதது, மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவைத்தேன்.